கிரேடிலில் லேசியா, ஈகரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேடில் என்பது சோர்ஸ் கோடைக் கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, பேக் செய்யும் பில்ட் கருவி. அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளக்இன் எழுதுகிறவர்களும், பெரிய பில்டைக் கட்டி மேய்க்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் கிரேடிலை வைத்தே பேசியிருக்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் அதிகம் அடிபட்டு, அதிகம் திருத்திக்கொண்ட கருவி அதுதான். மேக், சிமேக், பேசல், எஸ்பிடி ஆகிய மற்ற பில்ட் கருவிகளும் தேவையான இடத்தில் வரும்.

லேசி, ஈகர் என்றால் என்ன?

ஒரு மதிப்பை, அதை எழுதிய வரி ஓடும்போதே கணக்கிட்டு வைத்துக்கொள்வது ஈகர். யாராவது கேட்கிறவரை கணக்கிடாமல், எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருப்பது லேசி. கிரேடிலுக்குப் போகும் முன் மேக்கில் பார்த்துவிடுவது நல்லது. 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி அது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் குனு மேக்கில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறிகளே இருக்கின்றன. மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்:

ஊர் = மதுரை
முதல் = $(ஊர்)
இரண்டு := $(ஊர்)
ஊர் = திருச்சி

கடைசியில் இரண்டையும் அச்சிட்டால் "முதல்" திருச்சி என்று காட்டும், "இரண்டு" மதுரை என்று காட்டும். வெறும் சமக்குறி போட்டால் லேசி, முன்னால் முக்காற்புள்ளி சேர்த்தால் ஈகர். கீழே வரப்போகும் சிக்கல்கள் அத்தனைக்கும் இந்த நாலு வரியே விதை, அதனால் புரியாவிட்டால் இங்கேயே நின்று இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

கிரேடிலில் இது எங்கே வருகிறது?

கிரேடில் ஒரு பில்டை மூன்று கட்டமாக ஓட்டுகிறது. முதலில் தொடக்கக் கட்டம்: செட்டிங்ஸ் ஃபைலைப் படித்து எந்தெந்த மாட்யூல்கள் (ப்ராஜெக்ட்டின் உட்பகுதிகள்) இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளும். அடுத்து கன்ஃபிகரேஷன் கட்டம்: ஒவ்வொரு மாட்யூலின் பில்ட் ஸ்கிரிப்டையும் மேலிருந்து கீழாக ஓட்டி, என்னென்ன டாஸ்க் (கம்பைல், டெஸ்ட் போன்ற ஒரு தனி வேலை) இருக்கிறது, எது எதைச் சார்ந்தது என்று கணக்குப் போடும். கடைசியாகத்தான் எக்ஸிக்யூஷன், நீங்கள் கேட்ட வேலை நடப்பது அங்கேதான்.

இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் ஒரே ஒரு டெஸ்டை ஓட்டச் சொன்னாலும் இரண்டாவது கட்டம் முழுசாக நடக்கும். ஐம்பது மாட்யூல் இருந்தால் ஐம்பது ஸ்கிரிப்டும் ஓடும். அந்த ஸ்கிரிப்டுகள் எவ்வளவு வேலையை அப்போதே செய்கின்றன, எவ்வளவைத் தள்ளிப்போடுகின்றன என்பதுதான் லேசி, ஈகர் கேள்வி.

வேகத்துக்காகத்தானே இவ்வளவும்?

எல்லோரும் வேகத்துக்காகத்தான் வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் இதைவிடப் பெரிய பலன் வேறு ஒன்று: எந்த வரி முன்னால் ஓடியது, எது பின்னால் ஓடியது என்ற கவலை போய்விடுகிறது. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், வெர்ஷன் எண்ணை ஒரு ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் எழுதி ஜாருக்குள் (ஜாவா கோடு பேக் ஆகும் ஃபைல்) வைக்கும் சின்ன பிளக்இன் ஒன்று எழுதினேன். என் மாட்யூலில் சரியாக வேலை செய்தது. எல்லா மாட்யூலிலும் போட்ட பிறகு, பாதி சர்வீஸ்களின் ஹெல்த் பக்கத்தில் வெர்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் "அன்ஸ்பெசிஃபைட்" என்று வந்தது. மீதிப் பாதியில் சரியாக இருந்தது, அதுதான் குழப்பமே. ஒரு நாள் முழுக்கத் தேடியபிறகுதான் பிடிபட்டது. கிரேடிலில் யாரும் வெர்ஷன் கொடுக்காவிட்டால் இயல்பு மதிப்பே அந்தச் சொல்தான். பில்ட் ஸ்கிரிப்டில் பிளக்இன்ஸ் பிளாக் மேலே இருக்கும், வெர்ஷன் வரி அதற்குக் கீழே இருக்கும். பிளக்இன்ஸ் பிளாக் ஓடும்போதே என் கோடு வெர்ஷனைப் படித்துவிட்டது, அப்போது வெர்ஷன் வரி இன்னும் ஓடவே இல்லை. சரியாக வந்த மாட்யூல்களில் வெர்ஷன் கிரேடில்.ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் இருந்தது, அது ஸ்கிரிப்டுக்கு முன்பே படிக்கப்பட்டுவிடும்.

திருத்தம் ஒரே வரி. வெர்ஷனை நேராகப் படிக்காமல் ஒரு ப்ரொவைடருக்குள் (கேட்கும்போது மட்டும் மதிப்பைத் தரும் ஆப்ஜெக்ட், அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) வைத்து, அந்த ப்ரொவைடரை டாஸ்கிடம் கொடுத்தேன். டாஸ்க் ஓடும் நேரத்தில்தான் அது படிக்கும், அதற்குள் எல்லா ஸ்கிரிப்டும் ஓடி முடிந்திருக்கும். பில்ட் நேரத்தில் ஒரு மில்லிசெகண்டுகூட மிச்சமாகவில்லை, ஆனால் தவறு போய்விட்டது.

ப்ரொவைடர், ப்ராப்பர்ட்டி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ப்ரொவைடர் என்பது ரேஷன் கடை டோக்கன் மாதிரி. டோக்கன் கையில் இருக்கிறது என்பதால் அரிசி வீட்டுக்கு வந்துவிட்டது என்று ஆகாது, ஆனால் டோக்கனை இன்னொருவரிடம் கொடுத்தனுப்பலாம், அவர் போய் வாங்கிக்கொள்வார். கெட் என்று அழைக்கும்போதுதான் மதிப்பு வரும். ப்ரொவைடரை உங்களால் படிக்க மட்டுமே முடியும். ப்ராப்பர்ட்டி என்பது மதிப்பை மாற்றவும் முடிகிற ப்ரொவைடர். அதில் ஒரு மதிப்பை நேராக வைக்கலாம், இன்னொரு ப்ரொவைடரையே வைக்கலாம்.

ப்ரொவைடர் கிரேடில் 4.0-ல் வந்தது, ப்ராப்பர்ட்டி 4.3-ல். இயல்பு மதிப்பு வைக்க உதவும் கன்வென்ஷன் 5.1-ல் சேர்ந்தது. கன்வென்ஷனில் வைத்ததைப் பயனர் செட் செய்தால் பயனர் சொன்னதே நிற்கும், எந்த வரி முன்னால் ஓடினாலும் சரி. லிஸ்ட் ப்ராப்பர்ட்டியில் மட்டும் ஒரு பள்ளம் இருக்கிறது: கன்வென்ஷனில் மூன்று உருப்படி வைத்திருக்கிறீர்கள், பயனர் ஆட் என்று ஒன்றைச் சேர்க்கிறார், மொத்தம் நாலு வரும் என்று நினைப்பார், ஒன்றுதான் வரும். ஆட் என்பதும் வெளிப்படையாக மதிப்பு வைப்பதாகவே கணக்கு, அதனால் கன்வென்ஷன் விலகிவிடும்.

இதற்கு ஒரு லாம்டா போதாதா? தனியாக ஒரு வகை எதற்கு?

நல்ல கேள்வி. தள்ளிப்போடுவது மட்டும் நோக்கமாக இருந்தால் லாம்டா, அதாவது பிறகு அழைத்துக்கொள்ளும் பெயரில்லாத சின்ன ஃபங்ஷன், போதும். ஆனால் ப்ரொவைடர் மதிப்பை மட்டும் சுமக்கவில்லை, அந்த மதிப்பை எந்த டாஸ்க் உருவாக்குகிறது என்ற தகவலையும் சேர்த்துச் சுமக்கிறது. ஒரு டாஸ்க் ஒரு ஃபைலை உருவாக்குகிறது, இன்னொன்று அதைப் படிக்கிறது என்று வையுங்கள். முதல் டாஸ்கின் அவுட்புட் ப்ராப்பர்ட்டியை இரண்டாவதின் இன்புட் ப்ராப்பர்ட்டியில் செட் செய்தாலே போதும், எதற்குப் பின் எது என்று சொல்லும் டிபெண்ட்ஸ்ஆன் எழுத வேண்டியதில்லை, எது முதலில் ஓட வேண்டும் என்று கிரேடிலுக்கே தெரிந்துவிடும்.

இதில் நிறையப் பேர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. டாஸ்க் ப்ரொவைடர் மேல் ஃப்ளாட்மேப் (ஒரு ப்ரொவைடருக்குள் இருக்கும் இன்னொரு ப்ரொவைடரை எடுக்கும் முறை) போட்டு அதன் அவுட்புட்டை எடுத்தால் அந்தச் சங்கிலி அறுபடாது. அதையே "ப்ரொவைடர்" என்று ஒரு பிளாக் திறந்து, அதற்குள் டாஸ்கைக் கெட் செய்து, அவுட்புட்டையும் கெட் செய்து வெறும் பாதையாகத் திருப்பினால், பார்க்க லேசிதான், ஆனால் யார் உருவாக்கியது என்ற தகவல் வழியிலேயே தொலைந்துவிடும். பழைய பில்ட் ஃபோல்டரில் ஃபைல் மிச்சமிருக்கும்வரை உங்கள் லேப்டாப்பில் எல்லாம் ஓடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக பில்ட் ஓட்டும் சுத்தமான சிஐ மெஷினில்தான் "ஃபைல் இல்லை" என்று விழும்.

ரெஜிஸ்டர், கிரியேட், எதைப் போட வேண்டும்?

ரெஜிஸ்டர். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கிரியேட் என்றால் டாஸ்க் ஆப்ஜெக்ட் அப்போதே உருவாகி, அதன் பிளாக் அப்போதே ஓடும். ரெஜிஸ்டர் என்றால் பெயரும் வகையும் மட்டும் பதிவாகும். யாருக்காவது அந்த டாஸ்க் தேவைப்பட்டால்தான் பிளாக் ஓடும். 2018-ல் வந்த கிரேடில் 4.9-ல் இது சேர்ந்தது. பில்ட் ஸ்கிரிப்ட் எழுதும் க்ரூவி மொழியில் "டாஸ்க்" என்ற சொல்லோடு பெயரை எழுதி பிளாக் திறக்கும் பழைய எழுத்துமுறை இன்னும் எத்தனையோ பயிற்சிக் கட்டுரைகளில் கிடக்கிறது, அதுவும் ஈகர்தான்.

எல்லாவற்றையும் ரெஜிஸ்டருக்கு மாற்றிவிட்டேன், ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. ஏன்?

ஏனென்றால் இன்னொருவர் எங்கேயோ எல்லா டாஸ்கையும் தட்டி எழுப்புகிறார். ரூட் ஸ்கிரிப்டில் "ஆல்ப்ராஜெக்ட்ஸ்" பிளாக்குக்குள் "டாஸ்க்ஸ்.ஆல்" என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும், எல்லா மாட்யூலின் எல்லா டாஸ்கும் உருவாகிவிடும், மற்றவர்கள் லேசியாக எழுதியது அத்தனையும் வீண்.

தேட வேண்டியவை இவை. "ஆல்" இருந்தால் "கன்ஃபிகர்ஈச்" ஆக்குங்கள். "வித்டைப்" என்று எழுதி நேராக பிளாக் திறந்திருந்தால் அதுவும் ஈகர், நடுவில் கன்ஃபிகர்ஈச் சேர்க்க வேண்டும். இது ஒரே ஒரு சொல் வித்தியாசம் என்பதால் கோடு ரிவ்யூவில் கண்ணில் படவே படாது. "கெட்பைநேம்", "ஃபைண்ட்பைநேம்" இருந்தால் "நேம்ட்" ஆக்குங்கள். "வென்டாஸ்க்ஆடட்" இருந்தால் அதுவும் கன்ஃபிகர்ஈச் ஆக வேண்டும். "மேட்சிங்" போட்டுப் பெயரை ஒப்பிடுவதும் ஆபத்து: பெயரைப் பார்ப்பதற்காகவே டாஸ்கை உருவாக்க வேண்டி வரும். பெயரை மட்டும் வைத்து வடிகட்ட கிரேடில் 8.6-ல் தனி வழி வந்திருக்கிறது. எந்த டாஸ்க் எப்போது, எந்த பிளக்இன் காரணமாக உருவானது என்று பில்ட் ஸ்கேனில் (ஒரு ஓட்டத்தைப் பற்றி கிரேடில் தரும் அறிக்கை) பர்ஃபார்மன்ஸ் பகுதியின் கன்ஃபிகரேஷன் டேப் காட்டும். ஊகிப்பதைவிட அதைப் பார்ப்பது நல்லது.

மாற்றியதும் பில்ட் உடைந்துவிட்டது. ரெஜிஸ்டரில் ஏதாவது பக் இருக்கிறதா?

பக் இல்லை. பழைய பிளாக்குக்குள் டாஸ்குக்குச் சம்பந்தமில்லாத வேலை ஏதோ ஒளிந்திருக்கிறது. டாஸ்க் பிளாக்குக்குள்ளேயே ஒரு டிபெண்டன்சி (வெளி லைப்ரரி போன்றது) சேர்ப்பது, இன்னொரு டாஸ்கை உருவாக்குவது, ப்ராஜெக்ட்டின் ஏதோ ஒரு எக்ஸ்ட்ரா மதிப்பை வைப்பது. கிரியேட் காலத்தில் அந்த பிளாக் எப்படியும் ஓடும் என்பதால் அது வேலை செய்தது. இப்போது யாரும் அந்த டாஸ்கைக் கேட்கவில்லை, அதனால் பிளாக்கும் ஓடவில்லை, டிபெண்டன்சியும் சேரவில்லை. ரெஜிஸ்டர் பிளாக்குக்குள் அந்த டாஸ்கைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. சில இடங்களில், உதாரணமாக லேசி பிளாக்குக்குள் இன்னொரு டாஸ்கை ரெஜிஸ்டர் செய்ய முயன்றால், கிரேடிலே பிழை காட்டி நிறுத்திவிடும். மீதியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆஃப்டர்எவாலுவேட் போட்டால் சரியாகிவிடுகிறதே, அது போதாதா?

இதற்குத்தான் நான் அதிகம் எழுத ஆசைப்படுகிறேன். ஆஃப்டர்எவாலுவேட் தேவைப்படும் காரணம் நியாயமானதுதான். உங்கள் பிளக்இன் ஒரு எக்ஸ்டென்ஷன் (பயனர் அமைப்புகளை நிரப்பும் பிளாக்) தருகிறது, பயனர் தன் ஸ்கிரிப்டில் பிளக்இனுக்குக் கீழே அந்த எக்ஸ்டென்ஷனை நிரப்புகிறார். பிளக்இனின் தொடக்க மெத்தடான அப்ளை ஓடும் நேரத்தில் பயனரின் பிளாக் ஓடியிருக்காது. அதனால் "ஸ்கிரிப்ட் முழுக்க ஓடி முடிந்தபிறகு என்னைக் கூப்பிடு" என்று சொல்லத் தோன்றும். அதுதான் ஆஃப்டர்எவாலுவேட். ஒரு பிளக்இன் இருக்கிறவரை அருமையாக ஓடும்.

இப்போது இரண்டாவது பிளக்இன் வருகிறது, அதுவும் ஆஃப்டர்எவாலுவேட் போடுகிறது, அதற்குள் உங்கள் எக்ஸ்டென்ஷனில் ஒரு மதிப்பை மாற்றுகிறது. பதிவான வரிசையில்தான் இவை ஓடும். உங்களுடையது முதலில் பதிவாகியிருந்தால் அந்த மாற்றத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அதைச் சரிசெய்ய ஒருவர் பிளக்இன்களின் வரிசையை மாற்றுவார், இன்னொருவர் ஆஃப்டர்எவாலுவேட்டுக்குள் ஆஃப்டர்எவாலுவேட் போடுவார். பிளக்இன் வரிசையை அகர வரிசைப்படுத்தி அழகுபடுத்திய ஒரே காரணத்துக்காக பில்ட் உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடிப்படைத் தவறு இதுதான்: "எல்லாம் முடிந்தபிறகு" என்று ஒரு நேரத்தை நாம் தேடுகிறோம், ஆனால் எல்லோரும் அதே நேரத்தைத் தேடினால் அப்படி ஒரு நேரம் இருக்காது. ப்ராப்பர்ட்டி இந்தத் தேடலையே இல்லாமல் ஆக்குகிறது. அப்ளைக்குள்ளேயே, டாஸ்கின் ப்ராப்பர்ட்டியில் எக்ஸ்டென்ஷனின் ப்ராப்பர்ட்டியைச் செட் செய்துவிடுங்கள். மதிப்பை நகலெடுக்கவில்லை, குழாய் இணைப்புதான் கொடுத்திருக்கிறீர்கள். பயனர் எப்போது நிரப்பினாலும், இன்னொரு பிளக்இன் எப்போது மாற்றினாலும், டாஸ்க் ஓடும்போது கடைசியாக இருப்பதே வரும்.

எக்ஸ்டென்ஷனில் இருக்கும் மதிப்பைப் பொறுத்து டாஸ்கையே உருவாக்க வேண்டும், அப்போது என்ன செய்வது?

இது டிசைன் கேள்வி. டாஸ்கின் பெயரோ, டாஸ்க் இருக்கிறதா இல்லையா என்பதோ ஒரு ப்ராப்பர்ட்டியின் மதிப்பைச் சார்ந்திருந்தால், அந்த மதிப்பை கன்ஃபிகரேஷனிலேயே படித்தாக வேண்டும், உடனே ஆஃப்டர்எவாலுவேட் திரும்பி வந்துவிடும். பெரும்பாலும் இதைத் தவிர்க்கலாம். ரெஜிஸ்டர் செய்வதற்குச் செலவு மிகக் குறைவு, அதனால் டாஸ்கை எப்போதும் ரெஜிஸ்டர் செய்துவிட்டு, தேவையில்லாதபோது ஒன்லிஇஃப் என்ற நிபந்தனை வைத்துத் தவிர்த்துவிடுங்கள். பயனர் பட்டியலாகப் பெயர்கள் தருகிற இடத்தில், வெறும் லிஸ்டை வாங்காமல் பெயருள்ள ஆப்ஜெக்டுகளின் கன்டெய்னர் ஒன்றைத் தந்து, ஒவ்வொன்று சேரும்போதும் அதற்குரிய டாஸ்கை ரெஜிஸ்டர் செய்யுங்கள். இங்கே மட்டும் "ஆல்" போடுவது சரி: உறுப்பு எப்போது சேர்ந்தாலும் டாஸ்க் தவறாமல் பதிவாக வேண்டும், அந்தச் சின்ன உறுப்பை உருவாக்கப் பெரிய செலவும் இல்லை.

அப்படியானால் எதை ஈகராக வைப்பது?

கட்டமைப்பை. எந்த மாட்யூல்கள், எந்த பிளக்இன்கள், என்னென்ன பெயரில் டாஸ்குகள் என்பவை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் டாஸ்க் வரைபடத்தையே போட முடியாது. அந்த டாஸ்குகளுக்குள் போகும் மதிப்புகள், பாதைகள், ஃபிளாக்குகள் எல்லாம் லேசி. ஜாடியின் உருவம் முதலிலேயே தெரிய வேண்டும், உள்ளே என்ன ஊற்றுவது என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம். எல்லாவற்றையும் லேசியாக்கப் புறப்பட்டால் எது எங்கே இருக்கிறது என்று ஐடிஇ-யும் சொல்லாது, நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

லேசி என்றால் ஒரே ஒரு முறைதான் கணக்கிடுமா?

இல்லை! இதை நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிக்ஸ், ஹாஸ்கெல் போன்ற லேசி மொழிகளில் லேசி மதிப்பை ஒரு முறை கணக்கிட்டால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். மேக்கில் அப்படி இல்லை. வெறும் சமக்குறி போட்டு, வலப்பக்கம் ஷெல் கட்டளை ஒன்றை வைத்தால், அந்த மாறியை எத்தனை முறை பயன்படுத்துகிறீர்களோ அத்தனை முறையும் ஷெல் ஓடும். தேதியை அப்படி வைத்தால் ஒரே பில்டுக்குள் இரண்டு இடத்தில் இரண்டு நேரம் பதிவாகும். அங்கே முக்காற்புள்ளி போட்ட ஈகரே சரி.

கிரேடிலின் மேப்பும் (ஒரு ப்ரொவைடரின் மதிப்பை வேறொன்றாக மாற்றித் தரும் முறை) மேக்கின் பக்கம்தான். மேப்புக்குள் இருக்கும் கோடு ஒவ்வொரு கெட்டுக்கும் மறுபடி ஓடலாம். அதற்குள் பெரிய ஃபைலைப் படிப்பதோ, கவுண்டரை ஏற்றுவதோ, அச்சிடுவதோ வேண்டாம். ஒரு முறை படித்ததும் மதிப்பு உறைய வேண்டும் என்றால் ப்ராப்பர்ட்டியில் ஃபைனலைஸ்வேல்யூஆன்ரீட் வையுங்கள். கிட் கட்டளை ஓட்டுவது போன்ற வெளிவேலைகளுக்கு 6.1-ல் வந்த வேல்யூசோர்ஸ் இருக்கிறது.

இருக்கிற மதிப்போடு இன்னொன்றைச் சேர்க்க முயன்றேன், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வந்தது.

ப்ராப்பர்ட்டியில் அதையே மேப் செய்து செட் செய்திருப்பீர்கள். "என் மதிப்பு என்ன என்றால், என் மதிப்போடு இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டீர்கள். ஈகரில் இதற்கு அர்த்தம் உண்டு, பழையதைப் படித்துப் புதியதை வைப்பது. லேசியில் பழையது என்று ஒன்று இல்லை, கேட்கும்போது அது தன்னையே கேட்டுக்கொண்டு சுற்றும். மேக்கிலும் இதேதான்: சமக்குறிக்கு இருபக்கமும் அதே மாறியை எழுதினால், மாறி தன்னையே குறிக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். அதற்காகத்தான் அங்கே கூட்டல் சமக்குறி இருக்கிறது. கிரேடிலில் இரண்டு ப்ராப்பர்ட்டி வையுங்கள், பயனர் நிரப்புவது ஒன்று, அதிலிருந்து மேப் செய்து டாஸ்க் படிப்பது இன்னொன்று.

லேசியாக எழுதினால் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கிறதே?

ஆமாம், இதுதான் லேசியின் உண்மையான விலை. தவறான மதிப்பை வைத்தது ஒரு ஃபைலில், அது வெடிப்பது வேறொரு ஃபைலில், பத்து நிமிடம் கழித்து. ஸ்டாக் ட்ரேஸில் படித்த இடம் இருக்கும், வைத்த இடம் இருக்காது. மதிப்பே இல்லாதபோது எந்த ப்ராப்பர்ட்டி காலியாக இருக்கிறது என்று கிரேடில் பெயர் சொல்லும், அது பெரிய உதவி. ஆனால் மதிப்பு இருந்து, அது தவறாக இருந்தால் நீங்கள்தான் தேட வேண்டும். அதனால் மேப் சங்கிலியை நீளமாக்காதீர்கள், மூன்றுக்கு மேல் போனால் நடுவில் ஒரு பெயருள்ள ப்ராப்பர்ட்டி வையுங்கள். யாரும் மாற்றக் கூடாத இடத்தில் டிஸ்அலவ்சேஞ்சஸ் போடுங்கள், அப்போது மாற்ற முயன்ற வரியிலேயே பிழை வரும்.

கன்ஃபிகரேஷன் கேஷ் வந்துவிட்டதே, இனி லேசி எதற்கு?

கேஷ் ஒழுங்காக வேலை செய்வதே லேசியால்தான். கன்ஃபிகரேஷன் கட்டத்தின் முடிவைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அந்தக் கட்டத்தையே தாண்டிப் போவதுதான் கேஷ். 6.6-ல் சோதனை நிலையில் வந்து, 8.1-ல் நிலையாகி, 2025-ல் வந்த 9.0-ல் பரிந்துரைக்கப்பட்ட முறையாகிவிட்டது.

இதில் நுணுக்கம் என்னவென்றால், கன்ஃபிகரேஷன் நேரத்தில் படித்த ஒவ்வொரு சூழல் மாறியும் கேஷின் சாவியோடு சேர்ந்துவிடும். சிஐ-யில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பில்ட் எண் மாறும். அதை ஸ்கிரிப்டில் நேராகப் படித்தால் ஒவ்வொரு ஓட்டத்திலும் கேஷ் செல்லாது. அதையே ப்ரொவைடராக டாஸ்கின் ப்ராப்பர்ட்டியில் இணைத்து, டாஸ்க் ஓடும்போது மட்டும் படித்தால், எண் மாறினாலும் கேஷ் நிற்கும், அந்த ஒரு டாஸ்க் மட்டும் மறுபடி ஓடும். அப்புறம், டாஸ்க் ஓடும்போது ப்ராஜெக்ட் ஆப்ஜெக்டைத் தொடக் கூடாது. தேவையானதை முன்பே ப்ராப்பர்ட்டிகளாக எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

மற்ற கருவிகளில் எப்படி?

சிமேக்கில் கன்ஃபிகர் நேரத்தில் இஃப் போட்டு பில்ட் டைப் டீபக்கா என்று பார்ப்பார்கள். நின்ஜா என்ற பில்ட் கருவிக்கு உருவாக்கினால் ஓடும். விஷுவல் ஸ்டுடியோவில் டீபக்கா, ரிலீஸா என்பது பில்ட் செய்யும்போதுதான் தெரியும், அதனால் அந்த இஃப் ஏமாற்றிவிடும். அதற்குத்தான் ஜெனரேட்டர் எக்ஸ்ப்ரஷன், பின்னால் கணக்கிடப்படும் ஒரு குறிப்பு. அதை மெசேஜ் போட்டு அச்சிட்டால் மதிப்பு வராது, எழுதிய எழுத்தே அப்படியே வரும், ஏனென்றால் அந்த நேரத்தில் அது இன்னும் கணக்கிடப்படவில்லை.

பேசலில் லோடிங், அனாலிசிஸ், எக்ஸிக்யூஷன் என்று மூன்று. நிபந்தனைப்படி ஒரு மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட்டின் முடிவு அனாலிசிஸில்தான் தெரியும், மேக்ரோ (ரூல்களை உருவாக்கும் ஃபங்ஷன்) ஓடுவது லோடிங்கில், அதனால் மேக்ரோவுக்குள் செலக்ட் எதைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்கவே முடியாது. கட்டுப்பாடாகத் தெரியும், ஆனால் எனக்கு இந்தக் கண்டிப்பு பிடிக்கும். எஸ்பிடியும் அப்படித்தான், செட்டிங் என்பது லோட் ஆகும்போது ஒரு முறை கணக்கிடப்படும், டாஸ்க் ஒவ்வொரு முறையும் ஓடும், செட்டிங் ஒரு டாஸ்கைச் சார்ந்திருக்க முடியாது.

நானே ஒரு பில்ட் கருவி எழுதினால் எதைக் கவனிக்க வேண்டும்?

மதிப்பையும் மதிப்புக்கான வாக்கையும் வேறு வேறு வகைகளாக முதல் நாளே பிரித்துவிடுங்கள். கிரேடில் பட்ட பாடு பெரும்பாலும் இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க நேர்ந்ததால்தான். ஈகர் முறையில் வளர்ந்த பிறகு லேசி வந்தது, பழைய பிளக்இன்களை உடைக்க முடியாது, அதனால் இன்றும் ரெஜிஸ்டரும் கிரியேட்டும் அக்கம்பக்கத்தில் நிற்கின்றன. ப்ராப்பர்ட்டிக்குச் சமக்குறி போட்டு மதிப்பு வைக்கும் வசதிகூட காட்லின் டிஎஸ்எல்லில் (காட்லின் மொழியில் எழுதும் பில்ட் ஸ்கிரிப்ட்) 8.2-ல்தான் இயல்பாகக் கிடைத்தது. அதுவரை பயனர்கள் எந்த இடத்தில் செட், எந்த இடத்தில் சமக்குறி என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, ஒவ்வொரு மதிப்போடும் அது எந்த ஃபைலில் எந்த வரியில் வைக்கப்பட்டது என்பதைச் சேமித்துவையுங்கள். கொஞ்சம் மெமரி போகும், போகட்டும். தவறான கட்டத்தில் யாராவது படித்தால் காலி மதிப்பைத் திருப்பாதீர்கள், "இது இன்னும் முடிவாகவில்லை" என்று சொல்லி நிறுத்துங்கள். என் பிளக்இனில் "அன்ஸ்பெசிஃபைட்" என்பதற்குப் பதில் அப்படி ஒரு பிழை வந்திருந்தால், முதல் மாட்யூலிலேயே தெரிந்திருக்கும்.

மூன்று மாட்யூல் உள்ள சின்ன ப்ராஜெக்ட், இவ்வளவும் வேண்டுமா?

ஸ்கிரிப்டில் சாதாரண மாறி வைத்து எழுதுவதில் தப்பே இல்லை. ரெஜிஸ்டர் மட்டும் பழக்கமாகட்டும், பில்ட் ஃபோல்டரைக் குறிக்க பில்ட்டிர் என்று எழுதுகிற இடத்தில் லேஅவுட்.பில்ட்டைரக்டரி என்று எழுதுங்கள், பழையது 8.3-லேயே கைவிடப்பட்டுவிட்டது. எப்போதாவது ஒரு பகுதியைத் தனி பிளக்இனாக வெளியே எடுக்கிறீர்கள் என்றால், அன்றைக்கு அதன் எக்ஸ்டென்ஷனில் உள்ள எல்லாவற்றையும் ப்ராப்பர்ட்டியாக மாற்றிவிட்டு எடுங்கள். அப்ளைக்குள் கெட் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லையா என்று தேடிப் பார்த்துவிட்டு பப்ளிஷ் செய்யுங்கள்.